பேராசிரியர் அறிவியல் அமைச்சரானார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பல ஆண்டுகள் மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மேல்நிலைப் பள்ளி மாணவர் சிலருடன் உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். அப்படி ஒரு நாள், தென்கொரியாவில் பொறியியல் பேராசிரியர் ஒருவர் அறிவியல் அமைச்சரான செய்தியைச் சொன்னேன். அது பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும், பெற்றோரிடமிருந்து கல்யாண வீட்டுப் பந்திக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே சந்தேகங்களை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டு வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

இன்ஜினியரிங் வாத்தியார் ஒருத்தர் மந்திரி ஆனாராமே, யார் அவர்?

அவர் பெயர் லீ ஜோங் ஹோ. 2022 மே மாதத்திலிருந்து 2024 ஆகஸ்ட் வரை தென்கொரிய அரசில் அறிவியல், தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராக இருந்தார். அதற்கு முன்பு தலைநகர் சோலிலுள்ள (சியோல்) சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராகவும், அங்குள்ள குறைக்கடத்தி (மின்னணுச் சில்லுகள் செய்யப் பயன்படும் சிலிக்கான் போன்ற பொருள்) ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 'லீ' என்பது குடும்பப் பெயர். நாம் தலைப்பெழுத்தை முன்னால் போடுவதைப் போல, கொரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைக்கிறார்கள். ஆகவே 'திரு. ஹோ' என்று அழைப்பது தவறு.

சின்ன வயசிலிருந்தே பெரிய காலேஜில் படித்தவராகத்தானே இருப்பார்?

இல்லை. பெற்றோர்கள் இந்த விடையைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். லீ 1966ஆம் ஆண்டு, தெற்குக் கியோங்சாங் மாகாணத்தைச் சேர்ந்த ஹாப்சோன் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் பிறந்தவர். இளநிலைப் பட்டத்தைத் தலைநகரில் பெறவில்லை. தேகு நகரிலுள்ள கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1987இல் பெற்றார். அதன் பிறகே சோல் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுநிலைப் பட்டமும், 1993இல் முனைவர் பட்டமும் முடித்தார்.

வேலையும் உடனே தலைநகரில் கிடைத்துவிடவில்லை. இக்சான் என்னும் ஊரிலுள்ள வோன்குவாங் பல்கலைக்கழகத்தில் 1994இல் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் பெயரை உலகறியச் செய்த ஆராய்ச்சி, அந்த மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், கேஸ்ட் என்று அழைக்கப்படும் கொரிய உயர் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து செய்யப்பட்டது. பிறகு தாம் படித்த கியோங்புக் பல்கலைக்கழகத்துக்கு 2002இல் திரும்பி, 2009இல்தான் சோலுக்கு வந்தார்.

அப்படி என்னதான் கண்டுபிடித்தார்? புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் கைப்பேசியின் சில்லுக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு மடை. பழைய வடிவத்தில் மின்னோட்டம் செல்லும் வாய்க்கால், சிலிக்கான் தகட்டின் மேற்பரப்பில் தட்டையாக இருக்கும். அதை அடைக்கும் பலகையாகிய 'கேட்', வாய்க்காலின் மேலே மட்டும் அமர்ந்திருக்கும். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கிக்கொண்டே போய், வாய்க்காலின் நீளம் சில பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருங்கியபோது, மேலே அடைத்தும் அடிப்பக்கமாக மின்னோட்டம் கசியத் தொடங்கியது. கண்மாய் மடையில் பலகையை எவ்வளவு இறுக்கினாலும் அடிமண் அரித்துத் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கசிவு என்றால் மின்கலம் வீணாகிறது, சில்லு சூடாகிறது என்று பொருள்.

இதற்குத் தீர்வாக வாய்க்காலைத் தட்டையாக விடாமல், மீனின் துடுப்பைப் போல மெல்லிய சுவராக எழுப்பி, கேட்டை அதன் இரு பக்கங்களிலும் உச்சியிலும் கவியும்படி அமைத்தார்கள். துடுப்பு என்று பொருள்படும் 'ஃபின்' என்னும் சொல்லிலிருந்தே 'ஃபின்ஃபெட்' என்ற பெயர் வந்தது. இந்த எண்ணம் லீ ஒருவருக்கே உரியது என்று சிலர் பேசிக்கொள்வது சரியன்று. ஜப்பானில் ஹிசமோட்டோ குழுவினர் 1989இலேயே இவ்வகையான ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் செங்மிங் ஹூ தலைமையிலான குழு 1990களின் இறுதியில் அதை வளர்த்தெடுத்தது.

லீயின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும், இடையில் காப்புப் படலம் வைத்துச் செய்யப்பட்ட விலை மிகுந்த சிலிக்கான் தகட்டைப் பயன்படுத்தின. அந்தப் படலம் கசிவைத் தடுக்கும். ஆனால் வெப்பத்தையும் கீழே இறங்கவிடாது. லீ தம் குழுவினருடன், தொழிற்சாலைகளில் ஏற்கெனவே புழங்கும் சாதாரணச் சிலிக்கான் தகட்டிலேயே துடுப்பை எழுப்பி, அதன் அடி தகட்டோடு ஒட்டியிருக்கும்படி செய்யும் முறையை வகுத்தார். செலவு குறைந்தது, வெப்பமும் தகட்டின் வழியாக இறங்கியது. இதற்கு 'பல்க் ஃபின்ஃபெட்' என்று பெயர். இன்டெல் நிறுவனம் 2012இல் 22 நானோமீட்டர் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பயன்படுத்தியதும் சாதாரணத் தகட்டில் எழுப்பிய துடுப்பு வடிவமே.

அந்தக் கண்டுபிடிப்புக்குக் கோர்ட்டில் 40 கோடி டாலர் கிடைத்ததாமே, எல்லாம் அவருக்கா?

அப்படியன்று. முந்தைய விடையில் சொன்ன முறைக்கு அமெரிக்காவில் 2003இல் விண்ணப்பித்து, 2005இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமை பின்னர் கேஸ்ட் நிறுவனத்தோடு தொடர்புடைய காப்புரிமை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. வழக்குத் தொடுத்தது அந்த நிறுவனமே. டெக்சாஸ் மாநிலத்திலுள்ள நீதிமன்றத்தில், சாம்சங் நிறுவனம் காப்புரிமையை மீறியதாக 2018 ஜூனில் நடுவர் குழு (ஜூரி) முடிவு செய்து, 40 கோடி டாலர் இழப்பீடு என்று கணக்கிட்டது. நடுவர் குழு சொன்ன தொகை அப்படியே பெட்டிக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை. மேல்நடவடிக்கைகளுக்குப் பின் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

தம் நாட்டின் மிகப் பெரிய நிறுவனத்தோடு மோதிய காப்புரிமையின் கண்டுபிடிப்பாளரை, அதே நாடு சில ஆண்டுகளில் அமைச்சராக்கியது என்பதுதான் இதில் எனக்கு வியப்பளிக்கிறது.

எலெக்‌ஷனில் நிற்காமல் எப்படி மந்திரி ஆனார்?

தென்கொரியாவில் ஆட்சித் தலைவர் குடியரசுத் தலைவர். மக்கள் நேரடியாக வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதமரின் பரிந்துரையின் பேரில் அமைச்சர்களை அவர் நியமிக்கிறார். அமைச்சராக இருக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் யூன் சுக் யோல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அமைத்த முதல் அமைச்சரவையில் லீ இவ்வாறே இடம்பெற்றார்.

நம் பகுதியில் இதை விளக்குவது எளிது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்துத் தொழில் செய்யப் போன காலத்தில், கடையை நடத்திய மேலாள் முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவராக, கணக்கில் நேர்மையானவராக இருந்தால், ஊரிலிருக்கும் முதலாளி தம் விலாசத்தின் பேரில் அவரை அனுப்பிவைப்பார். போட்ட முதல் முதலாளியுடையது, அன்றாட முடிவு மேலாளுடையது. கொரிய அமைச்சரின் நிலை ஏறத்தாழ அந்த மேலாளின் நிலைதான். இந்த ஒப்புமை கீழே மறுபடியும் தேவைப்படும்.

நம் நாட்டில் அப்படி முடியாதா?

முடியும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நம் அரசியலமைப்பின் 75ஆம் பிரிவின்படி, நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரையும் அமைச்சராக்கலாம். அவர் ஆறு மாதத்துக்குள் மக்களவைக்கோ மாநிலங்களவைக்கோ உறுப்பினராகிவிட வேண்டும். அண்டக்கதிர் ஆராய்ச்சியாளரும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான எம்.ஜி.கே. மேனன், வி.பி. சிங் அரசில் 1989இல் அறிவியல் தொழில்நுட்ப இணையமைச்சராகி, 1990இல் மாநிலங்களவைக்குச் சென்றார். பொருளியல் அறிஞர் ஒய்.கே. அலக் 1996 முதல் 1998 வரை அத்துறையைக் கவனித்தார். அலகாபாத் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரான முரளி மனோகர் ஜோஷி, வாஜ்பாய் அமைச்சரவையில் அப்பொறுப்பை வகித்தார். ஆனால் அவர் முழுநேர அரசியல்வாதியும்கூட. பின்னர் அத்துறைக்கு வந்த ஜிதேந்திர சிங் மருத்துவப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்.

இந்தப் பட்டியலில் இயற்பியலும் பொருளியலும் மருத்துவமும் இருக்கின்றன. வகுப்பறையிலிருந்து நேரே அழைக்கப்பட்ட பொறியியல் பேராசிரியரைக் காணவில்லை. கொரியாவின் நிலை இதற்கு நேர்மாறானது.

ஏன், அங்கே இவர் ஒருத்தர்தானே?

ஒருவர் அல்லர். 2013இல் அறிவியலுக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து ஒரே அமைச்சகம் உருவாக்கப்பட்டபோது அதன் முதல் அமைச்சரான சோய் முன் கீ, கேஸ்ட் பேராசிரியர். அவருக்குப் பின் வந்த சோய் யாங் ஹீ, சோல் தேசியப் பல்கலைக்கழகக் கணினிப் பொறியியல் பேராசிரியர். இடையில் தொழில்துறையிலிருந்து ஒருவர் வந்தார். மறுபடியும் 2019இல் சோய் கீ யோங், 2021இல் ஈவா மகளிர் பல்கலைக்கழகத்தின் இம் ஹே சூக், 2022இல் லீ, 2024இல் பொருளறிவியல் பேராசிரியர் யூ சாங் இம் என்று பேராசிரியர்களே தொடர்ந்து வந்தார்கள். ஏற்றுமதியில் முதலிடம் சில்லுகளுக்கு என்னும் நாட்டில் அந்த நாற்காலிக்குப் பொறியியல் பேராசிரியரைத் தேடியது இயல்பே.

நம்ம கலாம் அறிவியல் மந்திரியாக இருந்தாரே?

இல்லை. இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை என்பதால் இங்கே பலர் உறுதியாக இப்படிச் சொல்வதுண்டு. 1998இல் வாஜ்பாய் அமைச்சரவையில் சேர அழைத்தபோது கலாம் மறுத்துவிட்டார். 1999 முதல் 2001 வரை அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தார். அப்பதவிக்கு அமைச்சரவை அமைச்சருக்கு இணையான தகுதி தரப்பட்டதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்கிருந்து 2002இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் சென்றார்.

மந்திரியாகி லீ என்ன செய்தார்?

முதல் மாதமே பாடம் நடத்தினார். 2022 ஜூனில் கூடிய அமைச்சரவைக் கூட்டத்தில், குடியரசுத் தலைவரும் மற்ற அமைச்சர்களும் கேட்க, குறைக்கடத்தி என்றால் என்ன, நாட்டுக்கு அது ஏன் முக்கியம் என்று விளக்கினார். சிலிக்கான் தகட்டையும், சில்லின் வரைபடத்தைத் தகட்டில் பதிக்க உதவும் ஒளிமறைப்புத் தகட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தார். அதே மாதம் 21ஆம் தேதி, உள்நாட்டிலேயே செய்யப்பட்ட நூரி ஏவூர்தி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, ஏவுதளத்தில் நின்று வெற்றியை அறிவித்ததும் அவரே. நூரியை உருவாக்கும் பணி அவர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியது. எனவே அந்தப் பெருமையை முழுவதும் அவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. நாட்டின் விண்வெளி நிர்வாகத்தைத் தனி அமைப்பாகப் பிரித்து 2024 மே 27 அன்று சாச்சோன் நகரில் தொடங்கியதும், செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பைப் பற்றி அதே மாதத்தில் சோலில் உலக நாடுகள் கூடியதும் அவர் காலத்தில் நடந்தவை.

இடர்களும் வந்தன. 2022 அக்டோபர் 15 அன்று சோலுக்கு அருகிலுள்ள பாங்யோவில் ஒரு தரவு மையத்தின் மின்கல அறையில் தீப்பிடித்து, நாட்டில் பெரும்பாலோர் பயன்படுத்தும் காக்கவோ செய்திச் செயலி முடங்கிப்போனது. காரணத்தை ஆராய்வதும், நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பதும் அவருடைய அமைச்சகத்தின் தலையில் விழுந்தன. லித்தியம் அயனி மின்கலத்தில் பிடித்த தீயைத் தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்க முடியாது என்பதை நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய சிக்ரியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்ரி என்றதும் ஞாபகம் வருகிறது: நம் ஊருக்கும் அறிவியல் மந்திரிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் இயங்குகிறது. அக்குழுமத்தின் தலைவர் பிரதமர். துணைத் தலைவர் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர். டெல்லியில் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது, கல்லூரிச் சாலையில் மிதிவண்டி ஓட்டிப் போகும் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை வரைக்கும் வந்து தொடும்.

பேராசிரியரே மந்திரியாக இருந்தும் ஆராய்ச்சிப் பணத்தைக் குறைத்துவிட்டார்களாமே?

அதிகம் பேர் கேட்பதும், எனக்கு எளிதில் விடை சொல்ல வராததும் இந்தக் கேள்விதான். நடந்தது இது. 2023 ஜூனில் குடியரசுத் தலைவர் யூன், அரசின் ஆராய்ச்சி நிதியைச் சிலர் தமக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, ஒதுக்கீட்டை அடியிலிருந்து மறுபரிசீலனை செய்யச் சொன்னார். 2023இல் 31.1 லட்சம் கோடி வொன்னாக (வொன் என்பது கொரிய நாணயம்) இருந்த ஆராய்ச்சி ஒதுக்கீட்டை, 2024க்கு 25.9 லட்சம் கோடியாகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் சிறிது கூட்டி 26.5 லட்சம் கோடி என்று முடித்தது. ஆராய்ச்சி நிதி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்த நாட்டில் இது பேரதிர்ச்சியாக இருந்தது. அறிவிப்பை வெளியிட்டு, திறனற்ற செலவுகளைக் களையும் சீர்திருத்தம் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தவர் லீ.

நிதி ஒதுக்கீட்டில் சீர்திருத்தம் வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் ஒரே வெட்டில் முதலில் அடிபடுவது பெரிய பேராசிரியர்கள் அல்லர், திட்டப் பணத்தில் ஊதியம் பெறும் இளம் ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களுமே. 2024 பிப்ரவரியில் கேஸ்ட் பட்டமளிப்பு விழாவில், யூன் பேசிக்கொண்டிருந்தபோது ஆராய்ச்சி நிதியைத் திருப்பித் தருமாறு குரலெழுப்பிய பட்டதாரி ஒருவரைப் பாதுகாவலர்கள் வாயைப் பொத்தித் தூக்கிச் சென்ற காட்சி நாடெங்கும் பரவியது. லீயின் காப்புரிமைக்கு உறுதுணையாக இருந்ததும் அதே நிறுவனம்தான்.

மேலாளைப் பற்றி மேலே சொன்னேன். சரக்கின் தரம் மேலாளுக்குத் தெரியும்; எந்தக் கடனாளி நம்பத்தக்கவர் என்பதும் தெரியும். ஆனால் கடையில் போட்ட முதலைக் குறைக்கச் சொல்லி ஊரிலிருந்து முதலாளியின் கடிதம் வந்தால், பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர் ஐந்தொகை என்னும் கணக்கறிக்கையைத் திருத்தி எழுதத்தான் வேண்டும். தொகுதியும் கட்சியும் இல்லாமல் பதவிக்கு வருபவருக்கு, எதிர்த்து நிற்கத் தம்முடைய பலம் என்று ஒன்றும் இருப்பதில்லை. பாட அறிவு அந்தக் குறையை ஈடுசெய்யாது.

பேராசிரியர் என்றால் ஊழல் குற்றச்சாட்டு ஒன்றும் இருக்காது, இல்லையா?

அப்படி நம்பிவிட வேண்டாம். அங்கே அமைச்சராக முன்மொழியப்பட்டவரை நாடாளுமன்றக் குழு பகிரங்கமாக விசாரிக்கும். சொத்து, பிள்ளைகளின் படிப்பு, பயணச் செலவு எல்லாம் தோண்டப்படும். 2019இல் இதே பதவிக்கு முன்மொழியப்பட்ட கேஸ்ட் பேராசிரியர் சோ டோங் ஹோ, தரமற்றதென்று கருதப்பட்ட வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் கலந்துகொண்டது உள்ளிட்ட புகார்களால் முன்மொழிவை இழந்தார். 2021இல் இம் ஹே சூக், கல்விப் பயணங்களில் குடும்பத்தினரை அழைத்துச் சென்றதாகக் கடுமையான கேள்விகளை எதிர்கொண்டும் நியமிக்கப்பட்டார். சாதாரண அமைச்சர்களைப் பொறுத்தவரை குழுவின் கருத்து குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதே இந்த வேறுபாட்டுக்கு இடம் தருகிறது.

அப்படியானால் அவர் ராஜினாமா செய்திருக்க வேண்டாமா?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் இதைக் கேட்டாள். விலகியிருந்தால் கல்வியுலகில் அவர் பெயர் உயர்ந்திருக்கும் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் விலகலால் வெட்டு நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு, துடுப்புக்கும் தகட்டுக்கும் வேறுபாடு தெரியாத ஒருவர் வந்திருக்கக் கூடும். லீ பதவியிலேயே இருந்தார். 2025க்கான முதன்மை ஆராய்ச்சி ஒதுக்கீட்டை மீண்டும் உயர்த்தும் திட்டத்தை 2024 ஜூனில் அவருடைய அமைச்சகமே அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து யூ சாங் இம்மிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் சென்றார்.

உயர்வு அவர் வாதாடிப் பெற்றதா, எதிர்ப்பைக் கண்டு மேலிடம் இறங்கி வந்ததா என்று அந்தப் பெண் அடுத்த கேள்வியைப் போட்டாள். எதிர்ப்புக்கே பெரும்பங்கு என்பது என் கணிப்பு. அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை; வரும் ஞாயிற்றுக்கிழமை தன் காரணங்களை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.